மூன்றாம் ஓடை

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா பத்திரமாக வந்து சேர்ந்தார். பஸ்ஸில் இரண்டு முறை வாந்தி எடுத்தாராம், மற்றபடி சுகம். எனக்கு முழங்கால் வலி தவிர வேறு குறை இல்லை. உன் இருமல் எப்படி இருக்கிறது? மருந்து குடித்தேன் என்று வாயால் சொன்னால் போதாது, குடிக்கவும் வேண்டும்.

அப்பாவின் நெஞ்சுக்குக் காட்டுக் காற்று நல்லது என்று டாக்டர் சொன்னாரே, அதை முதல் நாளே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குடித்தார். இங்கே பத்து மணிவரை மூடுபனி. எதிரே இருக்கும் மழைமானிகூடத் தெரியாது. "என்னம்மா, ஊரையே அழிச்சு வச்சிருக்க" என்றார்.

மறுநாள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் மூன்றாம் ஓடைக்குக் கூட்டிப்போனேன். என் வேலைதான் உனக்குத் தெரியுமே. வாரம் ஒரு நாள் மூன்று ஓடைகளிலும் தண்ணீர் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு, பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, பிடிக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். நம் வியர்வை கலந்தாலே எண் மாறிவிடும், அவ்வளவு ஒன்றுமில்லாத தண்ணீர். அப்பா குனிந்து பார்த்து, "இவ்ளோ தெளிவான தண்ணிய நான் பாத்ததே இல்ல" என்று சொக்கிப்போய் நின்றார்.

உள்ளே உயிர் இல்லாததால்தான் அந்தத் தெளிவு என்று சொன்னேன். நாற்பது வருஷம் பெய்த அமில மழை மண்ணிலிருந்த சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. நத்தைக்கு ஓடு கட்ட வழியில்லை. நத்தையைத் தின்னும் குருவியின் முட்டை மெல்லிசாகி உடைகிறது. மரங்கள் உச்சியிலிருந்து காய்கின்றன. மழை நல்ல மழையாகிப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று, போன சத்து இன்னும் திரும்பவில்லை. நான் இங்கே வந்த பத்தொன்பது வருஷத்தில் ஒரு நத்தையைப் பார்த்ததில்லை.

"அந்த அமிலம் எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார். நான் விளையாட்டாக, "எல்லாம் உங்க பாய்லர் புகைதாம்பா" என்று சொல்லித் தொலைத்தேன். பொய்யும் இல்லை, காற்று உங்கள் பக்கத்திலிருந்துதான் வருகிறது. அதற்குப் பிறகு ஓடைப் பக்கமே திரும்பாமல் வீட்டுக்கு நடந்துவிட்டார். என் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கி அனுப்பு.

இந்தக் காட்டில் போன் எடுக்காது, கடிதம் போடச் சோம்பல்படாதே. என் மருமகளுக்கு அத்தையின் முத்தங்கள்.

அன்புடன்,
அக்கா

*

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். இருமலும் இருக்கிறது, நானும் இருக்கிறேன், இரண்டு பேரும் சண்டை சச்சரவில்லாமல் குடித்தனம் நடத்துகிறோம். உன் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா?

அப்பாவிடம் நீ அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். முப்பத்தொரு வருஷம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் ஓட்டியவர். அந்தப் புகைபோக்கி அவருக்கு மூத்த பிள்ளை, நீயும் நானும் அதற்குப் பிறகுதான். "நம்ம ஊர்ல எவ வீட்டு மாடியிலயாவது ஒரு வெள்ளத்துணி கறுத்திருக்கா, சொல்லு" என்று பெருமையடிப்பாரே! அவ்வளவு உயரமாகக் கட்டியதால் புகை ஊர்மேல் விழாமல் தாண்டிப் போயிற்று. எங்கே போயிற்று என்று இங்கே யாரும் கேட்டதில்லை.

இப்போது புகையைக் கழுவித்தானே விடுகிறார்கள். சுண்ணாம்பைக் கரைத்துப் புகைமேல் தெளிக்கிறார்கள், அடியில் வெள்ளை மாவு சேர்கிறது. அதைத்தான் எங்கள் தொழிற்சாலை வாங்கி, கூரைக்கு அடியில் பொருத்தும் பலகையாகச் செய்கிறது. மிச்சத்தில் சாக்பீஸ். நான் பேக்கிங்கில் இருந்தாலும் மாவு என்னை விடுவதில்லை. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் உன் மருமகள் "அம்மா, பேய் வந்திருச்சு" என்று குரல் கொடுக்கிறாள். உடைந்த சாக்பீஸை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்பதால் எங்கள் சுவரெல்லாம் அவளுடைய யானைகள்.

அப்பா எனக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறார். சும்மா, நலம் விசாரித்துத்தான்.

அன்புடன்,
தம்பி

*

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் சுகம். அப்பாவின் நெஞ்சு தேறிவிட்டது. காலையில் நான் எழுவதற்கு முன்பே குடையை ஊன்றிக்கொண்டு நடக்கப் போய்விடுகிறார். மூடுபனிக்குள் முதலில் கால் மறைகிறது, பிறகு முதுகு, கடைசியில் குடை. ஒரு மணி நேரம் கழித்து நனைந்த செருப்போடு வந்து காப்பி கேட்கிறார்.

அவருக்கு நீ என்னதான் அனுப்பினாய், செங்கல்லா? பார்சலைத் தூக்க முடியாமல் தபால்காரர் என்னைத் திட்டிவிட்டுப் போனார். கேட்டால், "சின்னவன் அனுப்பினான், என் சாமான்" என்று கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

மத்தியானத் தூக்கத்தில் அவருக்கு ஒரே கனவு அடிக்கடி வருகிறதாம். புகைபோக்கிக்கு மேலே போன புகை யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்க்கிறது. பிறகு வரிசையாக இறங்கிப் புகைபோக்கிக்குள் போகிறது. நெருப்புக்குள் நுழைந்து கரியாகிறது, கரி வண்டியில் ஏறிக்கொள்கிறது, வண்டி பின்பக்கமாகவே போய்விடுகிறது. "சத்தமே இல்லம்மா, பஞ்சு மாதிரி" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

என் பக்கம் ஒரு கவலை. மழை சரியாகிப் பன்னிரண்டு வருஷமாகியும் எண் அசையவில்லை, இனி எதற்கு இந்த ஆய்வு நிலையம் என்று தலைமை அலுவலகத்தில் கேட்கிறார்களாம். வருஷக் கடைசியில் மூடிவிடுவார்கள் போலிருக்கிறது. மூடினால் என்னை ஏதாவது கோப்பறையில் உட்கார வைப்பார்கள். சம்பளம் வரும், ஆனால் எனக்கு இந்தத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் தெரியாதே.

உன் இருமலைப் பற்றி ஒழுங்காக எழுது.

அக்கா

*

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். பார்சலில் பழைய பத்திரிகைகள்தான், அப்பாவுக்குப் பொழுது போக வேண்டாமா? நிலையத்தை மூட மாட்டார்கள், கவலைப்படாதே. இங்கே வேலை அதிகம், சுருக்கமாக முடிக்கிறேன்.

தம்பி

*

ஏப்ரல் 26

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலம், நலம்! மூன்று முறை எழுதுகிறேன், அவ்வளவு சந்தோஷம்.

மூன்றாம் ஓடையில் சுண்ணாம்புச் சத்து கூடியிருக்கிறது. பத்தொன்பது வருஷமாகப் புள்ளி எட்டிலேயே படுத்துக் கிடந்தது, மார்ச்சில் புள்ளி ஒன்பது, இப்போது ஒன்று புள்ளி ஒன்று. முதல் முறை பாட்டிலைச் சரியாக அலசவில்லை என்று என்மேலேயே சந்தேகப்பட்டேன். அடுத்த வாரம் ஐந்து முறை அலசினேன். அதே எண். மழைச் சத்தத்தில் அந்தத் தாளையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "கூடியிருக்கா? நெசமாவா?" என்றார். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அம்மா போன பிறகு அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. அன்று முழுக்க பாசியைப் புரட்டிப் புரட்டி நத்தை தேடிக்கொண்டிருந்தார். "இவ்ளோ சீக்கிரம் வராதுப்பா" என்றால் கேட்பாரா?

நானும் தேடினேன் என்பதை உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன்.

சந்தோஷத்துடன்,
அக்கா

*

ஜூன் 7

அன்புள்ள தம்பிக்கு,

நான் எழுதி ஆறு வாரமாயிற்று, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அப்பாவுக்கு மட்டும் இரண்டு பார்சல் வந்தது. மகனுக்கு அப்பாமேல் பாசம் இருக்கலாம், அக்காவை இப்படிக் கைகழுவக் கூடாது. உடம்பு ஏதாவது சரியில்லையா?

எண் ஒன்று புள்ளி நான்கு. பொறுக்க முடியாமல் தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். ஆய்வுத் தலைவரே ஆகஸ்ட் முதல் வாரம் வருகிறார். காடு தானாகத் தேறத் தொடங்கிவிட்டது என்று உறுதியானால் நிலையத்தை மூடும் பேச்சுக்கே இடமில்லை என்று பதில் எழுதியிருக்கிறார். தாளைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறேன், சிரிக்காதே.

நேற்றுப் பகலில் நாற்காலியிலேயே கண்ணசந்தபோது எனக்கும் ஒரு கனவு. ஓடையின் கல்லெல்லாம் மெல்ல நகர்கிறது. குனிந்து பார்த்தால் கல் இல்லை, நத்தைகள். அப்பா கரையில் நின்று மிதித்துவிடாதே என்று கையைக் காட்டுகிறார்.

பதில் போடு. உன் மௌனம் எனக்குப் பிடிக்கவில்லை.

அக்கா

*

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் மருமகளுக்குப் பல் விழுந்திருக்கிறது, கூரைமேல் போடுவதா புதைப்பதா என்று ஒரு வாரமாக வீட்டில் மாநாடு.

அக்கா, ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. இந்த எண்ணை உடனே தலைவரிடம் சொல்லியிருக்க வேண்டுமா? தண்ணீரில் வெளியிலிருந்து ஏதாவது விழுந்து எண் கூடினால் அதைக் கண்டுபிடிக்க முடியுமா? கண்டுபிடித்தால் யாருக்குக் கெட்ட பெயர்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். தலைவர் வருவதைக் கொஞ்சம் தள்ளிப்போட முடிந்தால் நல்லது.

அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொள்.

தம்பி

*

ஜூலை 15

தம்பிக்கு,

இங்கே சுகமா என்று எனக்கே தெரியவில்லை.

நீ ஒன்றைச் சும்மா கேட்டதே கிடையாது. சின்ன வயதில் "கண்ணாடி ஒடஞ்சா ஒட்ட முடியுமா" என்று கேட்டால் ஏற்கெனவே உடைத்துவிட்டாய் என்று அர்த்தம். அதனால் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த தாள்களை மறுபடி எடுத்தேன். இதுவரை நான் ஒரே ஒரு கட்டத்தைத்தான் பார்த்துக் குதித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்துக் கட்டங்களைப் பார்த்தால் கந்தகமும் கூடியிருக்கிறது. சுண்ணாம்புச் சத்து எவ்வளவு ஏறியதோ அதற்குப் பொருத்தமாகக் கந்தகமும் கூடவே ஏறியிருக்கிறது. அமிலம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மண் தேறினால் அமிலம் குறைய வேண்டும். ஆக இது மண் கொடுத்ததில்லை, யாரோ போட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லித்தரும் பாடம் இது. ஆசை என் கண்ணை மறைத்துவிட்டது, வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை மூடுபனிக்குள் அப்பாவின் பின்னாலேயே போனேன். நான் தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு இருபது அடி மேலே, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்கால்வரை தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பெட்டி. அதிலிருந்து ஒவ்வொரு சாக்பீஸாக எடுத்து நனைந்த கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை. தேய்த்து முடிந்ததும் கையை அலசிவிட்டு அடுத்தது. வெள்ளையாக ஒரு இழை தண்ணீரோடு இறங்கி என் இடத்தைத் தாண்டிப் போயிற்று. ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

இருபது நாளில் தலைவர் வருகிறார். எதையும் மறைக்காமல் எழுது.

அக்கா

*

ஜூலை 23

அன்புள்ள அக்காவுக்கு,

என்னை மன்னித்துவிடு என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

ஜனவரியில் அப்பா போட்ட கடிதம் நலம் விசாரிக்க இல்லை. அதை அப்படியே எழுதுகிறேன்: "மண்ணு புளிச்சுப்போனா வயல்காரன் சுண்ணாம்பு போடுறான். நீ அந்த வெள்ள மாவுலதானே வேலை பாக்குற? ஒடஞ்ச சாக்பீஸ் இருந்தா அனுப்பு. அக்காவுக்குத் தெரிய வேண்டாம், தெரிஞ்சா கையப் புடிச்சு நிறுத்திடுவா. நான் செஞ்சதுல ஒரு கைப்பிடியாவது நானே சரி பண்ணிட்டுப் போறேன். ஒரே ஒரு நத்தை திரும்பி வந்தாப் போதும்."

இதைப் படித்துவிட்டு எப்படி அக்கா மாட்டேன் என்பது? அனுப்பினேன். ஒரு கிழவர் ஓடையில் நாலு சாக்பீஸ் போட்டால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். உன் ஏப்ரல் கடிதம் வந்ததும்தான் பயம் வந்தது. நிறுத்திவிடுங்கள் என்று அப்பாவுக்கு எழுதினேன். "எண் ஏறுதுடா, இப்பப் போய் நிறுத்தச் சொல்றியே" என்று பதில் வந்தது. உன் சந்தோஷத்தையும் அவர் சந்தோஷத்தையும் ஒரே வரியில் உடைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் கேட்ட இரண்டு பார்சலையும் அனுப்பிவிட்டு, உனக்கு எழுதி எழுதிக் கிழித்தேன்.

இன்னொன்று இருக்கிறது, அதுதான் பெரியது. கந்தகம் என்று நீ எழுதியது உறுத்தியதால் எங்கள் மாவு மேஸ்திரியிடம் கேட்டேன். சுண்ணாம்பு உள்ளே போகிறது, வெள்ளையாக வெளியே வருகிறது, அதனால் அது சுண்ணாம்புதான் என்று பதினோரு வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறேன். மேஸ்திரி சிரித்துவிட்டார். "உள்ள போறவரைக்கும்தான்யா அது சுண்ணாம்பு. வெளிய வர்றப்போ பாதி சுண்ணாம்பு, பாதி புகை. புகையில இருந்த கந்தகத்தப் புடிச்சுக்கிட்டுதான் அது கட்டியாவுது" என்றார்.

அக்கா, முன்பு காற்று கொண்டுவந்து போட்ட புகையைக் காற்று இப்போது கொண்டுவருவதில்லை. அதை நான் பார்சல் கட்டி, தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறேன். அதே புகைபோக்கிப் புகை. அப்பா அதைத் தன் கையாலேயே கரைத்திருக்கிறார்.

தயவுசெய்து அவரிடம் சொல்லாதே. என்மேல் பழியைப் போடு.

உன் தம்பி

*

ஆகஸ்ட் 19

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். இந்த முறை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் உன் வயிற்றில் பால் வார்க்கிறேன். அந்தச் சாக்பீஸால் ஓடைக்குப் பெரிய கெடுதல் இல்லை. நல்லதும் இல்லை. கெட்டுப்போனது என் எண்கள்தான்.

தலைவர் வந்த அன்று பேசாமல் இருந்துவிடலாமா என்று எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. நிலையம் பிழைக்கும், வேலை பிழைக்கும், அப்பாவின் முகத்தில் அந்த வெளிச்சமும் இருக்கும். ஆனால் பத்தொன்பது வருஷம் மூச்சை அடக்கித் தண்ணீர் பிடித்தவளால் அதைச் செய்ய முடியவில்லை. அவர் காப்பியைக் கையில் வாங்குவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூன்றாம் ஓடையின் பிப்ரவரி முதல் ஜூலை வரையான வரிகளை அவர் எதிரிலேயே சிவப்பு மையால் அடித்தேன். காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'என் தந்தை' என்று எழுதினேன்.

தலைவர் அந்தத் தாளை நகர்த்தி வைத்தார். பிறகு, "மத்த ரெண்டு ஓடைய யாராவது பாத்தீங்களா?" என்றார். யார் பார்த்தது? நான் மூன்றாம் ஓடையிலேயே மயங்கிக் கிடந்தேனே. இரண்டாம் ஓடையின் தாளை விரித்து அளவுகோல் வைத்தார். நாலு வருஷமாக, யாரும் தொடாமல், ஒரு மயிரிழை ஏறியிருக்கிறது. அமிலமும் ஒரு மயிரிழை இறங்கியிருக்கிறது. கோட்டை நீட்டிப் பார்த்து, பழையபடி ஆகத் தொண்ணூறு வருஷம் என்றார். "மூணாவத நீங்க மறைச்சிருந்தா ரெண்டாவதையும் நான் நம்பியிருக்க மாட்டேன்" என்றும் சொன்னார். நிலையம் இன்னும் இரண்டு வருஷம் இருக்கும். அதற்குப் பிறகு மறுபடி பார்ப்பார்களாம்.

அப்பாவிடம் சொல்லாதே என்று எழுதியிருந்தாய். சொல்லிவிட்டேன். அவர் குழந்தை இல்லை. சாக்பீஸ் என்ன என்பதைச் சொன்னதும், "அப்போ மறுபடி அதையேதான் ஊத்தினேனா?" என்றார். ஆமாம் என்றேன். இரண்டு நாள் நாற்காலியை விட்டு எழவில்லை. சாப்பாடும் பாதிதான். மூன்றாம் நாள் காலை மூடுபனியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அந்த ரெண்டாவது ஓடை, அது தானாவா ஏறுது?"

"தானாதாம்பா. பாறை கொஞ்சம் கொஞ்சமா கரையுது, மண்ணுக்குச் சத்து வருது."

"நாம என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாம இருக்கணும்."

"தொண்ணூறு வருஷமா?"

"ஆமாம்பா."

"நத்தை?"

"எப்பன்னு தெரியலப்பா. நீங்க பாக்க முடியாது. நானும் பாக்க மாட்டேன்."

"நீயுமா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அது ஏனோ அவருக்கு ஆறுதலாக இருந்தது போலும். "சரி, ஆரம்பிச்சிருச்சில்ல" என்றார். நான் அடுப்படிக்குப் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன்.

இப்போது வாரா வாரம் என்னோடு வருகிறார். பாட்டிலைத் தொட மாட்டார். பத்தடி தள்ளி நின்று, நான் தண்ணீர் பிடிக்கும்போது அவரும் மூச்சை அடக்கிக்கொள்கிறார். டாக்டர் பார்த்தால் திட்டுவார். சொன்னால் கேட்பதில்லை.

கட்டிலுக்கடியில் மீதியிருந்த பதினான்கு பெட்டிகளை உனக்கே திருப்பி அனுப்புகிறோம். அப்பாவே கயிறு கட்டி முகவரி எழுதினார். தபால்காரர் மறுபடி என்னைத் திட்டிவிட்டுத் தூக்கிக்கொண்டு போனார். பார்சல் மூடுபனிக்குள் மறையும்வரை அப்பா வாசலிலேயே நின்றார். "போகட்டும், வந்த வழியே போகட்டும்" என்றார். அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினார். என்ன கனவு என்று நான் கேட்கவில்லை. வந்ததும் உன் மகளிடம் கொடு, யானை வரையட்டும்.

விடுமுறைக்கு வருகிறேன், என்ன வாங்கி வரட்டும் என்று அப்பாவுக்கு எழுதியிருக்கிறாயாம். இதற்கு மட்டும் என்னைப் பதில் எழுதச் சொன்னார். ஒன்றும் வேண்டாம் தம்பி. அப்பாவைப் பார்க்க வருகிறவன் கையை வீசிக்கொண்டு வருவதா என்று உனக்குத் தோன்றும். வீசிக்கொண்டே வா. பஸ் ஏறுவதற்கு முன் சட்டைப் பையை நன்றாக உதறிவிட்டு, வெறுங்கையோடு வா.

உன் வருகைக்குக் காத்திருக்கும்
அக்கா